பேச்சை நிறுத்திப் பாடம் நடத்திய பேராசிரியர் சாரதாமணி அம்மையாருக்கு

தொண்டை வலியோடு வந்து அமர்ந்திருக்கும் துறைத் தோழர்களே! முன்வரிசையில் முதன்மை நாற்காலியில் வீற்றிருக்கும் தாளாளர் திரு. லிங்கசாமி ஐயா அவர்களே! பல்லடத்திலும் அவிநாசியிலும் பஸ் ஏறி, படியில் தொங்கிப் பயணம் செய்து, படிப்பித்தவருக்காகப் பாதி நாள் வேலையை விட்டு வந்திருக்கும் பழைய மாணவமணிகளே! பந்தியில் கேசரி ஆறுகிறதே என்று பதைக்கும் பெரியோரே! அனைவருக்கும் வணக்கம்.

தொண்டை வலி என்று அழகுக்காக எழுதவில்லை. இக்கல்லூரியில் பாடம் நடத்தும் எவரையும் கேட்டுப் பாருங்கள். மாலை நாலு மணிக்கு எச்சில் விழுங்கினால் கண்ணாடித் தூளை விழுங்கியது போல் இருக்கும். கைப்பையில் பனங்கற்கண்டு, மேசையில் வெந்நீர், வீட்டுக்குப் போனால் பெற்ற பிள்ளையைக் கூப்பிடக் குரலின்றிக் கையைத் தட்டிக் கூப்பிடும் கொடுமை! வாத்தியார் வேலை என்றால் வருகிற வலிதானே என்பார்கள் வெளியில். தானாக வந்ததன்று, கொடுக்கப்பட்ட வலி. யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார், அதை ஒரே ஒருவர் எப்படி வாங்க மறுத்தார் என்பதே இம்மடலின் பொருள்.

மடல் என்றால் விடைபெறுபவரை நடுவில் உட்கார வைத்து, 'தாயே, தகைமையே, தன்னிகரில்லாத் தலைவியே' என்று தலைமேல் பூக்கொட்டுவது வழக்கம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். எங்கள் துறையின் இளையவர், ஆன்லைன் வகுப்புகளின் வருகைப் பதிவைக் கவனிக்கும் தரணீதரன், நகலை அம்மையாரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஏங் கண்ணு, இது எனக்கா, இல்ல கோயில்ல சாமிக்குப் படிக்கறதா? என்ற மூஞ்சியப் பாத்து இதப் படிச்சீங்கன்னா நான் எந்திருச்சுப் போயிருவேன். அப்புறம் பொன்னாடைய மைக்குக்குத்தான் போத்தோணும்."

போகக்கூடியவர்தான். ஆகவே அவரைப் பற்றி அவையிடம் சொல்கிறோம். அவர் காதிலும் விழுந்தால் விழட்டும்.

முப்பத்தோராண்டுகள் இக்கல்லூரியின் வணிகவியல் துறையில், ஒரு பொருளைச் செய்து முடிக்க உண்மையில் என்ன செலவாகிறது என்று கண்டுபிடிக்கும் அடக்கவிலைக் கணக்கை நடத்தினார் சாரதாமணி அம்மையார். அப்பாடம் அவருக்குப் புத்தகத்தில் தொடங்கியதன்று. பள்ளி விடுமுறை என்றால் மற்ற பிள்ளைகள் மாமன் வீட்டுக்குப் போவார்கள். அவர் பனியன் கம்பெனிக்குப் போனார். தைக்கிறவர் தள்ளிவிடும் துணியை வாங்கி மடித்து அடுக்கும் கையாளுக்கு இங்கே கைமடி என்று பெயர். கைமடியாக நின்று நின்று முழங்கால் வீங்கி, மூக்குக்குள் பஞ்சு அடைந்து, சோற்றுக்கு உட்கார்ந்தால் விரல்கள் மடிந்தபடியே நிற்கும் வேலை அது. அந்தக் கம்பெனிகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தையல்காரர்கள் முதலில் ஒரே ஒரு பனியனைத் தைத்துக் காட்ட வேண்டும். அதற்கு முதல் பீஸ் என்று பெயர். அதைப் பார்த்து, இழுத்து, அளந்து, சரி என்று சொன்ன பிறகுதான் மீதி ஓடும். முதல் பீஸ் பார்க்காமல் ஓட்டிய லாட், அதாவது ஆர்டரின் மொத்தச் சரக்கும், மூட்டை மூட்டையாகக் கழிவில் போனதை அந்தச் சிறுமி தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

தாளாளர் ஐயாவும் இதே பனியன் ஊரில்தான் வளர்ந்தார். அவர் வளர்ந்தது பனியன் துணி பின்னும் நிட்டிங் ஹாலில். அங்கே காதுதான் கண்காணி! கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாலும், எந்த மிஷின் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று சொல்லிவிடுவார். சத்தம் நின்றால் வேலை நின்றது. வேலை நின்றால் வயிறு எரியும். தொழிலை உயர்த்திய அந்தக் காதை, கல்லூரி தொடங்கியபோது அப்படியே இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். தாழ்வாரத்தில் நடப்பார். வகுப்புக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. சன்னலுக்கு வெளியே நின்று காதை மட்டும் கொடுப்பார். ஆசிரியரின் குரல் கேட்டால் வகுப்பு ஓடுகிறது. கேட்காவிட்டால் மாலையில் முதல்வருக்குப் போன் வரும்.

"ஏனுங்க சார், நாலாம் நெம்பர் ரூம்பு இன்னைக்கு நின்னு போச்சுங்களே?"

வகுப்பைப் பார்த்து நின்று போச்சு என்று சொன்ன ஊர் வேறெங்கேயாவது உண்டா! ஆசிரியர்கள் அன்று தொடங்கிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை. மாணவர் யோசிக்க ஒரு நொடி விட்டால் அறை நின்றுவிடும். கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் அறை நின்றுவிடும். ஆகவே கேள்வியையும் நாங்களே கேட்டோம், பதிலையும் நாங்களே சொன்னோம், சரியான பதில் என்று எங்களையே பாராட்டிக்கொண்டோம். தாளாளரின் செருப்புச் சத்தம் கேட்டதும், முடித்த பாடத்தை மறுபடியும் முதல் வரியிலிருந்து எடுத்த பெருமக்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் இங்கு வேண்டாம்; சாப்பிட வந்திருக்கிறார்கள்.

வாயடைத்தபோது வழி கண்டவர்!

அம்மையாரும் ஆரம்பத்தில் அப்படித்தான் கத்தினார். ஓர் ஆனி மாதம் குரல் சுத்தமாகப் போயிற்று. குரல்நாணில் கொப்புளம், பேசவே கூடாது என்றார் மருத்துவர். விடுப்பு கேட்டால், ஆள் இல்லை என்றது அலுவலகம். வாயில் துணி கட்டாத குறையாக வகுப்புக்குப் போனார். சாயப்பட்டறைக்குப் போன துணி எடை குறைந்து திரும்பி வருகிற கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினார். 'போடுங்கள்' என்று சைகை காட்டினார். மாணவர்கள் அவர் வாயைப் பார்த்தார்கள். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல் தலையைக் குனிந்து போடத் தொடங்கினார்கள்.

வேறு வேலை இல்லாமல் அவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொரு நோட்டாகக் குனிந்து பார்த்தார். எடைக் குறைவைப் பட்டறைக்குப் போன எடையின் மேல் கணக்கிட வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் திரும்பி வந்த எடையின் மேல் கணக்கிட்டுக் கொண்டிருந்தார்கள். விளக்கி முடித்து, மாதிரி போட்டுக் காட்டி, 'புரிஞ்சுதா' என்று கேட்டு, 'புரிஞ்சுதுங்க மேம்' என்று கோரஸாகப் பதிலும் வாங்கிய கணக்கு அது!

"மூணு வாரமாக் கத்துனனே, அது அவங்க காதுக்குப் போச்சு, கைக்குப் போகவே இல்லீங்க. மொதல் பீஸ் பாக்காம லாட்டு ஓட்டியிருக்கறன்" என்று பின்னாளில் ஆசிரியர் அறையில் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

குரல் திரும்பி வந்தது. பழைய பேச்சு திரும்பி வரவில்லை. அன்று முதல் அவர் வகுப்பு இப்படித்தான் நடந்தது. உள்ளே வந்ததும் நோட்டை மூடச் சொல்லி, நேற்றுப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி. பார்க்காமல் எழுத வேண்டும். அப்புறம் பத்து நிமிடம் பேச்சு. பேச்சு முடிந்ததும் ஒரே ஒரு கணக்கு. அதுதான் முதல் பீஸ். எல்லோரும் போட்டுக் காட்டும் வரை அடுத்த பாடம் கிடையாது. தவறாகப் போட்டவர் நோட்டில் சிவப்புப் பெருக்கல் குறி விழாது. 'பிரிச்சுத் தை' என்று எழுதுவார். பிரித்துத் திரும்பத் தைத்தால் முழு மதிப்பெண். எங்கே தையல் விட்டுப்போனது என்று சொன்னால் பெரிய சிரிப்பு ஒன்று. போட்டு முடித்தவர் போடாதவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து விளக்க வேண்டும். "என்ற பாஷைல சொல்லாத, உன்ற பாஷைல சொல்லு" என்பார். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த பையன் தன் தமிழில் சொல்வான். பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் இந்தியில் சொல்லி இன்னொரு பெண்ணுக்குப் புரிய வைப்பாள். அம்மையாருக்கு இந்தி தெரியாது. நோட்டில் விடை சரியாக வந்தால் போதும் என்று நகர்ந்துவிடுவார்.

இரவு ஷிப்டு முடித்துவிட்டு நேரே வருகிற பையன் ஒருவன் கடைசி பெஞ்சில் தூங்கி விழுந்தான். மற்ற வகுப்புகளில் அவனை வெளியே நிறுத்துவார்கள். இவர் தோளைத் தட்டினார்.

"சாமி, தூங்கறதுன்னா மொதல் பீஸைக் காட்டிட்டுத் தூங்கு."

அவன் போட்டுக் காட்டினான். தூங்கினான். அவர் எழுப்பவில்லை.

இப்படி நடந்தால் அறையில் சத்தம் எப்படி இருக்கும்? பேனா உரசுகிற சத்தமும், பெஞ்சு நகர்கிற சத்தமும்தான். தாழ்வாரத்தில் நின்ற காதுக்கு அது போதவில்லை. கதவு படாரென்று திறந்தது.

"ஏனுங்கம்மா, நிக்குதுங்களா?"

"ஓடுதுங்க."

"ஒரு சத்தத்தையும் காணமே?"

"தெச்சுட்டு இருக்கறாங்க. நான் பேசுனா ஊசி தவறிரும்."

வகுப்பு சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. வகுப்பு நேரத்தில் பேசாமல் இருந்ததற்கு விளக்கம் கேட்டு மறுநாள் மெமோ வந்தது. கல்வி வரலாற்றில் எத்தனையோ குற்றங்களுக்கு ஆசிரியர்கள் விளக்கம் எழுதியிருப்பார்கள்; மாணவர்கள் வேலை செய்தார்கள் என்பதற்காக எழுதியவர் எங்கள் அம்மையார் ஒருவராகத்தான் இருப்பார்! ஒரே வரியில் பதில் கொடுத்தார்: 'பேசினால் எனக்குத் தொண்டை வலிக்கிறது; பேசாவிட்டால் அவர்களுக்குப் பாடம் வருகிறது.' அவ்வாண்டு அவருக்கு வர வேண்டிய துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. பல்கலைத் தேர்வில் கல்லூரியிலேயே கூடுதல் தேர்ச்சி அவர் தாளில்தான் வந்தது. அதற்கு வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஃபிளெக்ஸில் தாளாளர் ஐயா கை கூப்பியிருந்தார். அம்மையாரின் பெயரைப் போட இடம் இல்லை என்று அச்சகத்தார் சொன்னார்களாம்.

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். திறம்படக் கற்பிப்பது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு வல்லுநரை அழைத்து வந்தார்கள். ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும், மாணவரைச் செய்ய விட வேண்டும் என்று அவர் காலையிலிருந்து மாலை வரை மூச்சு விடாமல் பேசினார். பின்வரிசையில் இருந்த அம்மையார் கையைத் தூக்கினார்.

"சார், எங்களை எப்பங்க செய்ய உடுவீங்க?"

வல்லுநர் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

முகம் தெரியாத வகுப்பிலும் முகவரி அறிந்தவர்!

பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் போனுக்குள் போனதை எல்லோரும் அறிவீர்கள். கட்டடத்தில் இடம் போதவில்லை என்று இறுதியாண்டின் சனிக்கிழமை வகுப்புகளை இன்றும் ஆன்லைனிலேயே வைத்திருக்கிறோம். உத்தரவு இதுதான்: மணி நேரம் முழுக்க ஆசிரியர் பேச வேண்டும், மாணவர் கேமராவைத் திறந்து முகம் காட்ட வேண்டும், அதைப் படம் பிடித்துத் தரணீதரனுக்கு அனுப்ப வேண்டும். தாழ்வாரத்துக் காது போனுக்குள்ளும் வந்துவிட்டது!

சாரதாமணி அம்மையார் சில வாரம் அப்படிச் செய்து பார்த்தார். திரையில் முகங்கள் இருந்தன. கண்கள் வேறெங்கோ இருந்தன. ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் போட்டார். திட்டுவதற்கு இல்லை, எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று கேட்பதற்கு. ஒரு வீட்டில் அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே போன். ஒருவனுக்கு வீடியோ ஓடினால் பாதியில் டேட்டா தீர்ந்துவிடும். இன்னொருத்தி தறிகள் இரைகிற தறிக்குடோனில் இருந்து பேசினாள். அவள் சொன்னது இவருக்கும், இவர் சொன்னது அவளுக்கும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரப் பேச்சை அன்றோடு விட்டார். பத்து நிமிடத்தில் பாடத்தைச் சொல்லிக் குரலாகப் பதிந்து காலையிலேயே அனுப்பிவிடுவார். எப்போது முடியுமோ அப்போது கேட்கலாம், எத்தனை முறையும் கேட்கலாம். அதோடு ஒரு கணக்கு. வகுப்பு மணியில் அவர் ஐந்தைந்து பேராகப் பிரித்துச் சந்தேகம் மட்டும் கேட்பார். மாணவர் கணக்கைப் போட்டுவிட்டு, எப்படிப் போட்டேன் என்று தன் வாயால் சொல்லிக் குரலாக அனுப்ப வேண்டும். விடையை யாரிடமிருந்தும் காப்பி அடிக்கலாம். எப்படி வந்தது என்று சொல்வதைக் காப்பி அடிக்க முடியாது என்பது அவர் கண்ட உண்மை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே அத்தனை குரலையும் கேட்பார். ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லிப் பதில் போகும். பேசியே ஓய்ந்த எங்களுக்கு நடுவில், கேட்டே களைத்த ஒரே ஆசிரியர் அவர்!

அந்தக் குரல்களில் ஒன்று வர்ஷினியுடையது. இறுதியாண்டு மாணவி. சனிக்கிழமைகளில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்கள் அடுத்த பருவத்துக்கு வைத்திருக்கும் டிசைன்கள் அங்கேதான் முதலில் உருவாகும். அவை வெளியே போய்விடக் கூடாது என்று வாசலில் செக்யூரிட்டி ஒவ்வொரு போனையும் வாங்கி, கேமராக் கண் இரண்டின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார். வர்ஷினி ஒரு காதில் இயர்போன் வைத்துப் பாடம் கேட்பாள். சூப்பர்வைசர் நல்ல மனிதர், அனுமதித்திருந்தார். டீ இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து கணக்கைப் போட்டுக் குரல் அனுப்புவாள். அவள் பேச்சுக்குப் பின்னால் இஸ்திரிப் பெட்டியின் ஆவி சீறும். ஒரு வாரம் கூடத் தவறியதில்லை. அவளைப் போலவே ஸ்டிக்கர் ஒட்டிய போனோடு படித்தவர்கள் இன்னும் ஐந்து பேர்.

திரையில் அந்த ஆறு பேரும் ஆறு கறுப்புக் கட்டங்கள். அம்மையார் வருகை கொடுத்தார். ஒவ்வொரு வாரக் குரலையும் ஆதாரமாக வைத்திருந்தார். தேர்வுக்கு முன் கூடிய வருகைக் கமிட்டி, கறுப்புக் கட்டம் என்றால் ஆப்சென்ட் என்று அத்தனையையும் அடித்துவிட்டது. ஆறு பேருக்கும் ஹால் டிக்கெட் நிறுத்தம். வர்ஷினி இந்தத் தேர்வை முடித்தால் அதே கம்பெனியில் அடக்கவிலை போடும் காஸ்டிங் பிரிவில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடிக்காவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார்.

அந்தக் கம்பெனி யாருடையது? இந்த அவையில் அறியாதவர் இல்லை. நம் தாளாளர் ஐயாவுடையது.

சென்ற வாரம் அம்மையார் தரணீதரனைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். வாசலில் செக்யூரிட்டி கையை நீட்டினார்.

"மேடம், போனக் குடுங்க. ஸ்டிக்கர் ஒட்டோணுமுங்க. ஓனர் ஆர்டரு."

"ஒட்டுங்க சாமி. நல்லா அழுத்தி ஒட்டுங்க."

மேலே போனார்கள். ஐயா எழுந்து நின்று வரவேற்றார். அதைக் குறை சொல்ல மாட்டோம்.

"வாங்கம்மா, வாங்க. ரிட்டயர் ஆகறீங்களாமா? காபி சொல்லட்டுங்களா?"

அம்மையார் போனை மேசைமேல் வைத்தார், ஸ்டிக்கர் மேலே தெரியும்படி.

"இது உங்க வாசல்ல ஒட்டுனதுங்க. இப்ப இந்தப் போன்ல நான் வகுப்புக்கு வந்தன்னா, நான் ஆப்சென்ட்டுங்களா?"

ஐயா போனைப் பார்த்தார். தரணீதரனைப் பார்த்தார்.

"அது கம்பெனி ரூல்ஸுங்கம்மா. டிசைன் வெளிய போச்சுன்னா பையர் ஆர்டரத் தூக்கிட்டுப் போயிருவான். இது காலேஜ் ரூல்ஸ். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

"ரெண்டுலயும் கையெழுத்து உங்களதுதானுங்களே. நம்ம வர்ஷினி போனுலயும் இதே ஸ்டிக்கருதானுங்க."

"அந்தப் புள்ள நம்ம சாம்பிள் ரூம்லயா இருக்குது? அப்ப வேலை நேரத்துல போன நோண்டிட்டு இருக்குதுன்னு நீங்களே சொல்றீங்க."

கேட்கப் போனது ஹால் டிக்கெட். போகிற போக்கைப் பார்த்தால் இருக்கிற வேலையும் போய்விடும் போலிருந்தது. அம்மையாரின் முகம் சுண்டிப்போனதைத் தரணீதரன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"நோண்டலீங்க. ஒரு காதுல கேக்குது, ரெண்டு கையில வேலை செய்யுது. அதோட வேலைல நீங்க கை வெக்கக் கூடாதுங்க. வெச்சீங்கன்னா உங்க பொன்னாடையும் வேண்டாம், பங்ஷனும் வேண்டாம்."

"அட, நான் அவ்வளவு மோசமானவனுங்களா? வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நான் சொல்றன்."

"அப்ப ஹால் டிக்கெட்டு? வாரம் தவறாமக் கொரல் அனுப்பியிருக்குதுங்களே."

"கொரல் அனுப்புச்சுங்கறீங்க. அது யாரு கொரல்னு எப்படிங்கம்மா தெரியும்? மூஞ்சி வேணுமில்லீங்களா? கமிட்டி பாக்கட்டும். மொதல்ல பங்ஷன் முடியட்டும்."

காபி வந்தது. அம்மையார் குடிக்கவில்லை.

அவையோரே! எங்கள் நெஞ்சு கொதிப்பது இந்த இடத்தில்தான். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து தாழ்வாரத்தில் நின்று, ஒருவர் முகத்தையும் பார்க்காமல், குரலை மட்டும் கேட்டு, ஓடுகிறது என்றும் நிற்கிறது என்றும் எங்கள் உழைப்புக்குத் தீர்ப்புச் சொன்ன காது, ஒரு மாணவியின் குரலுக்கு மட்டும் முகம் கேட்கிறது! பாடத்தை விளங்கிக்கொண்டு, விளக்கமாகத் திருப்பிச் சொன்ன குரல் செல்லாதாம். பாடத்தைக் கவனிக்காமல் திரையில் உட்கார்ந்திருந்த முகம் செல்லுமாம்! ஒரு கை கேமராவை மூடும். அதே கை, கேமரா மூடியிருக்கிறது என்று பிள்ளையின் படிப்பை அடிக்கும்! இதற்கு விதி என்று பெயர் வைத்தால், அந்த விதியை மதிக்கிற அளவுக்கு நாங்கள் படிக்கவில்லை, ஐயா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. போனிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்துக்கொண்டே அம்மையார் தரணீதரனிடம் கேட்டார்.

"ஏங் கண்ணு, நான் அங்க கத்தியிருக்கோணுமா?"

பேசாமல் இருப்பதையே ஆயுதமாக வைத்து ஓராயிரம் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்றுக்கொடுத்தவர். அந்த ஆயுதம் ஒரு மேசைக்கு முன்னால் செல்லாமல் போய்விட்டதே என்று மருகினார். அவர் கத்த வேண்டியதில்லை. கத்துவதற்கு நாங்கள் இருக்கிறோம். மூச்சு விடாமல் பேச எங்களைப் பழக்கியது நீங்கள்தான், ஐயா, இன்று கேளுங்கள்.

வர்ஷினி இந்த விழாவுக்கு வரவில்லை. இன்று சனிக்கிழமை, சாம்பிள் ரூமில் இருக்கிறாள். காலையில் அம்மையாருக்கு ஒரு குரல் அனுப்பினாள். அனுமதி பெற்று அதை இங்கே எழுதுகிறோம்.

"மேம், லீவு குடுக்கலீங்க மேம், வர முடியல. அழாதீங்க, நானும் அழல. எழுத உடறாங்களோ இல்லியோ, கடைசிப் பாடத்துக் கணக்கப் போட்டுட்டனுங்க. எடைக் கொறைவு போன எடை மேலதானுங்க போட்டிருக்கறன். பிரிச்சுத் தெக்கோணும்னா சொல்லுங்க மேம்."

பிரித்துத் தைக்க ஒன்றும் இல்லை. கணக்கு சரி என்று அம்மையார் பதில் அனுப்பிவிட்டுத்தான் மேடைக்கு வந்தார்.

அவர் தொண்டை குளிர்ந்து, கால் வீக்கம் வடிந்து, விடிகாலைப் பஸ்ஸுக்கு ஓடாத காலைகளும் திருத்தும் தாள் இல்லாத மாலைகளும் பெற்று, கணியூரில் கட்டி முடித்திருக்கும் சிறிய வீட்டில் பேச விரும்பும்போது பேசி, வேண்டாதபோது வாய் மூடி, நோயின்றி நெடுநாள் வாழ வேண்டும். அவர் விட்டுப்போகும் வகுப்பறைகளில் ஆசிரியர் வாய் மூடி நிற்கும் அந்த அருமையான அமைதி இனியாவது குற்றமாகாமல் இருக்க வேண்டும். பொன்னாடை, பூமாலை, வெள்ளிக் குத்துவிளக்கு என்று என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது கடையில் கிடைக்காது; தாளாளர் ஐயாவின் மேசையில் இருக்கிறது. ஆகவே கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் கையில் கொடுக்கப்போகும் இம்மடலில், வணிகவியல் துறை ஆசிரியர்கள் அனைவரும் கையொப்பமிட்டு, அதை எழுதியே வைக்கிறோம்.

திங்கட்கிழமை காலை தேர்வு. வர்ஷினிக்கும் அவளோடு ஐந்து பேருக்கும் இந்தக் கல்லூரி ஹால் டிக்கெட் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.